கரிசல் காட்டில் பெருங்குடல் புற்றுநோய்: சந்தேகம் முதல் சிகிச்சை வரை

(கோவில்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்தச் சபையில் இருக்க மாட்டீர்கள். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 12 படுக்கைகளோடு தொடங்கப்பெற்ற அந்த ஸ்தாபனத்தை உருவாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பதும், அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் ஆயுளையே அதற்கு அர்ப்பணம் செய்தார்கள் என்பதும் பலரும் அறிந்த சரித்திரம். அவ்வளவாக அறியப்படாதது, அந்த அம்மையாரின் உள்ளத்தில் அந்த எண்ணம் வேர்கொள்ளக் காரணமாயிருந்த துக்கம். அவர் வளர்த்த தங்கை 1920களிலே, இளவயதில், மலக்குடல் புற்றுநோயால் மாண்டுபோனார். 1912ஆம் ஆண்டிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஒரு வைத்தியர் வீட்டிலேயே இருந்தும், அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. தென்னாட்டின் முதல் பெரும் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்குப் பின்னே, நாம் இன்று பேசப்போகும் இதே வியாதி நின்றது என்பதை முதலில் உங்கள் ஞாபகத்தில் வைக்க விரும்புகிறேன்.

அன்றைக்கு வைத்திய சாஸ்திரத்தின் கையிருப்பு சொற்பம். குடலின் உட்புறத்தை முழுவதும் கண்ணால் காணும் கருவி கிடையாது, ஸ்கேன் கிடையாது, பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைப்பவர் குறைவு. இன்று நிலைமை வேறு. கோவில்பட்டியிலேயே அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஏறக்குறைய 55 கிலோமீட்டரில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, 60 கிலோமீட்டரில் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி, வடக்கே 100 கிலோமீட்டரில் மதுரை. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இத்தனையும் இருக்கையில், விளாத்திகுளத்துக்கோ கயத்தாற்றுக்கோ அப்பாலுள்ள ஒரு கிராமத்தில் ஒரு மனிதர் மலத்தில் முதன்முதலாக இரத்தத்தைக் கண்ட நாளுக்கும், அவர் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் பரிசோதனை முடிவு கைக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே மாதங்கள் பல கழிகின்றன. சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகிவிடுகிறது. நீண்ட காலம் அறுவை சிகிச்சைத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு மிகுந்த வேதனையைத் தருவது இந்த இடைவெளியே. கத்தியின் திறமையாலோ மருந்தின் வீரியத்தாலோ நாம் மீட்கக்கூடிய உயிர்களைவிட, இந்த இடைவெளியைச் சுருக்குவதால் மீட்கக்கூடிய உயிர்கள் அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நோயின் ஸ்வபாவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ளது. அதன் கடைசி அரையடி மலக்குடல். அதன் உட்சுவரில் பாலிப் என்று சொல்லப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றி, பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை சாவதானமாக வளர்ந்து, அவற்றுள் சில புற்றாக மாறுகின்றன. உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்குச் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்படுகிறது. 9 லட்சம் பேர் இறக்கின்றனர். மேனாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இது குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையே நம்மை அசட்டையாக இருக்கச் செய்துவிட்டது. நம் நாட்டு நோயாளிகளிடம் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, குடலின் மேற்பகுதியைவிட மலக்குடலிலேயே இது மிகுதியாக வருகிறது. மற்றொன்று, ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய் என்று மேனாட்டுப் புத்தகங்கள் எழுதிவைத்தது, இங்கே நாற்பதிலும், ஏன், முப்பதுகளிலும் வந்து நிற்கிறது. 'இந்த வயதில் அதெல்லாம் வராது' என்று சொல்லி ஒரு வாலிபரை அனுப்பிவிடுவது எவ்வளவு அபாயம் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

புற்றானது குடற்சுவருக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தால், அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின் கண்டுபிடித்தால் அந்த எண்ணிக்கை பதினைந்தளவில் வந்துவிடுகிறது. இவ்வளவு நிதானமாக வளரும் நோய், இவ்வளவு அவகாசம் கொடுக்கும் நோய், இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது ஏன்?

இந்தப் பூமியின் வாழ்க்கை முறையிலேயே அதற்குச் சில காரணங்கள் இருக்கின்றன. உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விளையும் இக்கரிசல் காட்டில், புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கத் தவறினால் அந்த வருஷமே தவறிப்போகும். ஆகவே ஆவணியில் இரத்தம் கண்டவர் விதைப்பு முடியட்டும் என்கிறார். விதைப்பு முடிந்தால் களையெடுப்பு. பிறகு தை, மாசியில் அறுப்பு. அறுப்பு முடிந்தால் பங்குனியில் செண்பகவல்லியம்மன் திருவிழா, அப்புறம் ஊர்க் கோயில் கொடை. இவற்றுள் எதையும் நான் குறை சொல்லவில்லை. வயிற்றுப்பாடும் தெய்வ காரியமும் மனிதனுக்கு அவசியமானவை. ஆனால் நோய்க்குப் பட்டம் பார்க்கும் வழக்கம் இல்லை என்பதைக் குடும்பத்திலுள்ள படித்த பிள்ளைகளாவது எடுத்துச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்மணியின் சங்கதி இதைவிடச் சிரமமானது. செய்த வேலைக்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் வருமானம் இல்லை. ஒரு நாள் முழுவதும் மருத்துவமனை வரிசையில் நின்று, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு திரும்பியவள் மறுபடி போவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இன்னொன்றைச் சொல்லச் சங்கோசமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமலிருப்பது பாவம். நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ தலைமுறையாக விடியுமுன்னும் இருட்டிய பின்னும் ஓடைக்கரை வேலிக்கருவை மறைவுக்குப் போய் வந்தவர்கள். இருளிலே, கறுத்த மண்ணிலே, இரத்தம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? வீட்டுக்குள் கழிப்பறை வந்தது மானத்தைக் காத்ததோடு இந்த உபகாரத்தையும் செய்திருக்கிறது: வெள்ளைப் பீங்கானில் ஒரு துளி இரத்தம் விழுந்தாலும் தெரிகிறது. தெரிந்த பின்பும் யாரிடம் சொல்வது என்ற லஜ்ஜை அவளைத் தடுக்கிறது. கணவனிடம் சொல்வதற்கே ஆறு மாதம் யோசித்த தாய்மார்கள் உண்டு. ஆகையால்தான், வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நம் செவிலியச் சகோதரிகள், அந்தக் கேள்விகளோடு இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்: 'வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதாம்மா?' கேட்டால் சொல்வார்கள். கேட்கப்படாததால் சொல்லப்படாமல் போன நோய்களுக்கு அளவில்லை.

சொன்னாலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். 'அது சூட்டுக்கு வர்றது' என்பார்கள். அல்லது 'மூலமாயிருக்கும்' என்பார்கள். துத்தி இலையும் கருணைக்கிழங்கும் மோரும் வெந்தயமும் வரும். இவை தீங்கற்றவை, நம் பாட்டிமார் அனுபவத்தில் கண்டவை, அவற்றை நான் இகழவில்லை. பேருந்து நிலையச் சுவர்களிலெல்லாம் மூலம், பவுத்திரம் ஆகியவற்றை அறுவையில்லாமல் குணமாக்குவதாக எழுதியிருக்கும் விளம்பரங்களைப் பற்றி மட்டும் எனக்கு மிகுந்த ஆட்சேபம் உண்டு. ஆசனவாயில் என்ன இருக்கிறது என்று பாராமலே மருந்து கொடுக்கிறவர், அவர் எந்த முறை வைத்தியரானாலும், என்னைப்போல் பெரிய பட்டம் பெற்றவரேயானாலும், நோயாளிக்குத் துரோகம் செய்தவராகிறார். மூலம் சர்வசாதாரணமான வியாதி. மலத்தில் இரத்தம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவே காரணம் என்பதும் மெய். ஆனால் மூலம் உள்ள ஒருவருக்கே அதற்கு நான்கு விரற்கடை மேலே புற்றும் இருக்கலாம். மூலத்தைக் கண்டவுடன் விசாரணையை முடித்துக்கொள்வது, முதலில் அகப்பட்டவனையே குற்றவாளியென்று தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும்.

இந்த வறண்ட மண்ணில் விளையும் ஒரு செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலாவாரை என்னும் அந்தச் செடி திருநெல்வேலிச் சீமையின் பெயரையே சுமந்து, 'தின்னவேலி சென்னா' என்று உலகச் சந்தைக்கெல்லாம் பேதி மருந்தாகப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல மருந்து, அதில் ஐயமில்லை. ஆனால் நாற்பது, ஐம்பது வருஷம் ஒழுங்காக இருந்த வயிறு, திடீரென்று சில வாரங்களாகக் கட்டிக்கொள்வதும் இளகுவதுமாக மாறி மாறி வந்தால், மலம் பென்சிலைப்போல் மெல்லியதாக வந்தால், கழித்த பின்பும் முழுதும் போகாதது போன்ற உணர்ச்சி ஓயாமல் இருந்தால், அந்த மாறுதலைப் பேதி மருந்தால் அடக்கிக்கொண்டிருப்பது கூடாது. சளியும் இரத்தமும் சேர்ந்து வந்தால் சீதபேதி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் அப்படியே. மருந்துக்கடை நண்பர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரே மனிதர் இரண்டாம் முறையும் அதே மாத்திரையைக் கேட்டு வந்தால், 'ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிருங்கண்ணே' என்று சொல்லியனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது.

இரத்த சோகைக்கு வருகிறேன். இதை மட்டும் சற்று நின்று பேச அனுமதி கொடுங்கள். நம் பெண்களிடையே இரத்த சோகை எவ்வளவு சகஜமென்றால், அதை வியாதியென்றே யாரும் கருதுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது தக்க சிகிச்சையே. ஆனால் மாதவிலக்கு நின்று பல வருஷமான ஒரு தாய்க்கும், எந்த வயதிலும் உள்ள ஓர் ஆணுக்கும், இரும்புச்சத்துக் குறைவால் சோகை வருமானால், இரத்தம் உடலிலிருந்து எங்கோ கசிகிறது என்றே முதலில் எண்ண வேண்டும். பெருங்குடலின் வலப்புறத்தில் வரும் புற்றானது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தத்தை வெளியே காட்டுவதில்லை. மலத்தோடு கலந்து மாதக்கணக்கில் கசிந்து, மூச்சு வாங்குவதாகவும் கால் வீங்குவதாகவும் உடல் சோர்வதாகவும் மாறுவேஷத்தில் வருகிறது. இரும்பு மாத்திரையோ மலத்தைத் தானே கறுப்பாக்கிவிடுவதால் அந்தக் கசிவின் அடையாளத்தையும் மறைத்துவிடுகிறது. மாத்திரையால் ஹீமோகுளோபின் சற்று ஏறிவிட்டால் எல்லோரும் திருப்தியடைந்துவிடுகிறோம். காரணத்தைத் தேடாமல் சோகையை மட்டும் நிவர்த்தி செய்வது கிராமத்து வைத்தியத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்று எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்வேன்.

இனி, சந்தேகம் வந்த பின் செய்ய வேண்டியது. முதற் பரிசோதனைக்கு வேண்டிய உபகரணம் ஒரு ஜோடி கையுறையும் சிறிது வழுவழுப்புக் களிம்பும்தான். மலக்குடலுக்குள் விரல்விட்டுப் பார்க்கும் அந்தப் பரிசோதனை ஒரு நிமிஷ வேலை. நம் நாட்டில் இந்நோய் மலக்குடலில் மிகுதி என்று முன்பு சொன்னேனல்லவா? அந்தப் புற்றுகளில் கணிசமானவை விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் கிளினிக்குகளிலும் இந்தப் பரிசோதனை நடப்பதில்லை. கூட்டம் அதிகம், மறைவான இடம் இல்லை, நோயாளி கூச்சப்படுகிறார், வைத்தியரும் கூச்சப்படுகிறார் என்பவை சொல்லப்படும் காரணங்கள். ஒரு திரைச்சீலை தொங்கவிட்டு, எதற்காகச் செய்கிறோம் என்று முன்கூட்டியே விளக்கி, பெண்ணானால் ஒரு செவிலியரை அருகில் நிறுத்தி, மரியாதையோடு செய்தால் மறுப்பவர் மிகச் சிலரே என்பது என் அனுபவம்.

விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டால், வயிற்றில் கட்டி தெரிந்தால், காரணமறியாத இரும்புச்சத்துச் சோகை இருந்தால், நாற்பது வயதைக் கடந்தவருக்கு இரத்தப்போக்கும் மலப்பழக்க மாறுதலும் சேர்ந்து வந்தால், இளையவராயினும் இரத்தம் சில வாரங்களுக்குள் நிற்காவிட்டால், எடை காரணமின்றிக் குறைந்துகொண்டே வந்தால், மேல் பரிசோதனைக்கு அனுப்பியே தீர வேண்டும். இங்கிலாந்து தேசத்தில் 2000ஆம் ஆண்டு முதல், புற்றென்று சந்தேகிக்கப்பட்டவரை இரண்டு வாரத்துக்குள் நிபுணர் பார்த்தாக வேண்டுமென்று விதி செய்திருந்தார்கள். 2023ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து, 28 நாட்களுக்குள் புற்று உண்டா இல்லையா என்ற பதிலையே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டுமென்று அதை மாற்றியமைத்தார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தைக் கண்டறியும் ஃபிட் என்ற சோதனையை வைத்து, யாரை முதலில் அனுப்புவது என்று அங்கே தீர்மானிக்கிறார்கள். நம் நாட்டில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கு முப்பது வயதுக்கு மேற்பட்டோரைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. பெருங்குடல் அதில் இடம்பெறவில்லை. ஆதலால் நமக்கு, கேட்கும் காதும் பரிசோதிக்கும் விரலும் இரட்டிப்பு முக்கியமாகின்றன. வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றுக்கூடப் பிரியாமல் இருப்பவர் விஷயம் தனி. அவருக்குக் குடல் அடைபட்டிருக்கக்கூடும். அன்றைக்கே 108 வண்டியை அழைக்க வேண்டும், மறுநாள் காலைப் பேருந்துக்குக் காத்திருக்கலாகாது.

'பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க' என்று நம் ஜனங்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பல தடவை வாங்கிப் பார்த்திருக்கிறேன். 'மேல் சிகிச்சைக்காக' என்ற ஒரே வரி. இது போதாது. எத்தனை வாரமாக என்ன லட்சணம், விரற்பரிசோதனையில் என்ன தெரிந்தது, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரையோ இருதய நோயோ உண்டா, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்ததா, எல்லாவற்றுக்கும் மேலாக, 'புற்று என்று சந்தேகிக்கிறேன், கொலோனோஸ்கோப்பி தேவை' என்ற ஒரு வாக்கியம், இவையனைத்தும் அதில் இருக்க வேண்டும். எந்தக் கிழமை, எந்தப் பிரிவு, எத்தனை மணி என்பதைத் தொலைபேசியில் முன்னரே கேட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் கூலி மிச்சமாகும். ரேஷன் கார்டும் ஆதாரும் காப்பீட்டு அட்டையும் கையோடு போக வேண்டும். அட்டை இல்லாதவர் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கும் காரியத்தை அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டமிருந்தும், காகிதம் தயாராகாததால் சிகிச்சை தள்ளிப்போவது வருந்தத்தக்கது.

கொலோனோஸ்கோப்பி என்பது ஆசனவாய் வழியாக வளையும் குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் கண்ணால் பார்க்கும் முறை. முதல் நாள் திரவ ஆகாரம். பிறகு லிட்டர் கணக்கில் பேதி நீர் குடித்துக் குடலைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். நகரத்தில் இது சுலபம். கழிப்பறைக்குத் தண்ணீர் குடம் குடமாகச் சுமக்கும் ஒரு புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில், எழுபது வயதுக் கிழவர் இரவெல்லாம் பேதியாகி, விடிந்ததும் இரண்டு பேருந்து மாறித் திருநெல்வேலி போய்ச் சேர்வது எப்படி? இதற்குப் பயந்து வராமல் நின்றுவிடுகிறவர்களை அறியாமை உடையவர்கள் என்று ஏசுவது எளிது. அப்படிப்பட்டவர்களை முந்தின நாளே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளும்படி சீட்டிலேயே கேட்டு எழுதுவதுதான் பரிகாரம்.

அங்கே சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாட்களாகும். நோயாளி காணாமற்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முடிவு ஒரு மேஜையில் கிடக்கும். அவர் கரிசல் காட்டில் இருப்பார். வரச் சொன்ன தேதியில் மழை பெய்திருக்கும், உழவுக்குப் போயிருப்பார். அவருடைய தொலைபேசி எண் மகனுடையதாயிருக்கும், மகன் திருப்பூரில் இருப்பார். சீட்டெழுதி அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததென்று அனுப்பியவர் எண்ணுகிறார். மறுபடி வராதது நோயாளியின் குற்றமென்று சீட்டைப் பெற்றுக்கொண்டவர் எண்ணுகிறார். என்னுடைய யோசனை இது: சந்தேகம் முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவரே, சதைச் சோதனை முடிவு வந்து சிகிச்சை தொடங்கும் வரை அந்த நோயாளிக்குப் பொறுப்பாளர். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அனுப்பிய தேதி, பார்த்த தேதி, குழாய்ச் சோதனை நடந்த தேதி, முடிவு, சிகிச்சை தொடங்கிய தேதி ஆகிய கட்டங்கள் அதில் இருக்கட்டும். எந்தக் கட்டம் வெறுமையாயிருக்கிறதோ அந்த வீட்டுக்கு அந்த வாரம் ஒருவர் போகட்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர்கள் எப்படியும் அந்தத் தெருவுக்குப் போகிறவர்கள்தாம்.

சிகிச்சையைப் பற்றி நான் விரிவாகப் பேசப் போவதில்லை. அது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். மேற்பகுதிப் பெருங்குடலானால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை முதலில். நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தால் அதன்பின் மூன்று முதல் ஆறு மாதம் மருந்து. மலக்குடலானால், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நிலையைப் பார்த்து, பலருக்கு முதலில் கதிர்வீச்சு. அது ஐந்து நாளாகவும் இருக்கலாம், ஐந்து வாரமாகவும் இருக்கலாம். திருநெல்வேலிக்கோ மதுரை பாலரங்காபுரத்துக்கோ ஐந்து வாரம் தினந்தோறும் போய்வருவதென்றால், எங்கே தங்குவது, யார் துணை, ஆடு மாட்டை யார் பார்ப்பது என்பவையும் சிகிச்சையின் அங்கங்களே. அவற்றைக் கேட்டுத் தீர்த்துக் கொடுக்காத வைத்தியம் பாதியில் நின்றுபோகும்.

மலக்குடலின் கீழ்ப்பகுதியில் நோயுள்ள சிலருக்கு, வயிற்றில் குடலுக்கு ஒரு வாய் வைத்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்ய நேரிடுகிறது. சிலருக்குத் தற்காலிகமாக, சிலருக்கு நிரந்தரமாக. இதைக் கேட்டவுடனேயே 'அதுக்குச் செத்துப்போறதே மேல்' என்று எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. கோயிலுக்குப் போகலாமா, விசேஷ வீட்டில் பந்தியில் உட்காரலாமா, வாடை வருமா, கணவனோ மனைவியோ அருவருப்பாரா என்ற கேள்விகளை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. நாமாக எடுத்துப் பேச வேண்டும். டென்மார்க் தேசத்தில் எலிசே சோரன்சென் என்ற ஒரு செவிலியர், தம் தங்கை தோரா இந்த அறுவைக்குப் பின் வெளியே தலைகாட்டவே அஞ்சியதைக் கண்டு மனம் பொறாமல், தோலோடு ஒட்டிக்கொள்ளும் பையை 1954ஆம் ஆண்டில் கற்பனை செய்தார். அடையாற்று மருத்துவமனை திறக்கப்பட்ட அதே ஆண்டு. ஒரு தங்கையின் மரணத்திலிருந்து இங்கே ஒரு மருத்துவமனை பிறந்தது. ஒரு தங்கையின் வெட்கத்திலிருந்து அங்கே அந்தப் பை பிறந்தது. இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் அந்தப் பையோடு உத்தியோகம் பார்க்கிறார்கள், பிரயாணம் செய்கிறார்கள், குழந்தை பெற்று வளர்க்கிறார்கள்.

நம் சீதோஷ்ணத்துக்குச் சில எச்சரிக்கைகள் தேவை. சித்திரை வெயிலில் வேர்வையால் பசை விட்டுக்கொள்ளும். ஆகையால் ஒட்டுமுன் தோலை வெறும் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெயோ பவுடரோ பூசலாகாது. வாயின் அளவுக்குச் சரியாகத் துவாரம் வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் சுற்றியுள்ள தோல் புண்ணாகும். பை மூன்றிலொரு பங்கு நிறைந்தவுடன் காலி செய்ய வேண்டும். குடல் வாய் சிவந்து ஈரமாயிருப்பது ஆரோக்கியம். கறுத்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பைகளின் விலை ஒரு கூலித் தொழிலாளிக்குப் பாரமானது; அவை தாலுகா மருத்துவமனைகளிலேயே தடையின்றி இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று இந்தச் சபையின் மூலம் அரசாங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். பை வாங்க முடியாமல் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டு மூலையில் முடங்கிய ஒருவரைக் கண்டவர்கள், இந்தக் கோரிக்கையை அற்பமாகக் கருத மாட்டார்கள்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது. 'அப்பாகிட்டச் சொல்லிராதீங்க சார், தாங்க மாட்டாரு' என்று பிள்ளைகள் வாசலிலேயே மறிப்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் தமக்கென்ன என்று அறியாதவர், தமக்கேன் கதிர்வீச்சு, தமக்கேன் பை என்பதற்கு இணங்குவது எப்படி? ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவை, அவர் கேட்கும் வேகத்தில், நெருங்கிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு சொல்லலாம். மழை பொய்த்த வருஷங்களையெல்லாம் தாங்கிய மனிதர்கள் இவர்கள். நாம் நினைப்பதைவிட அதிகம் தாங்குவார்கள்.

குணமாக்க முடியாத கட்டத்தில் வந்தவர்களுக்கு, 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்ற வார்த்தையை எந்த வைத்தியரும் உச்சரிக்கக் கூடாது. வலி நீக்க வாய்வழி மார்ஃபின் இருக்கிறது. 2014ஆம் ஆண்டில் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தியபின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்வது முன்பைவிடச் சுலபமாகியிருக்கிறது. புண் கட்டவும் படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடவும் வீட்டுக்கே வரும் ஆதரவுச் சிகிச்சை, நான் முன்னே சொன்ன மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை.

தடுப்பைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டாக்டர் டெனிஸ் பர்கிட், நார்ச்சத்து மிகுந்த ஆகாரம் உண்பவர்களுக்கு இந்நோய் குறைவென்று 1971ஆம் ஆண்டில் எழுதினார். கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்டு வளர்ந்த கரிசல் ஜனங்களுக்கு அது புதிய உபதேசம் ஆகாது. புகையிலையும் மதுவும் உடற்பருமனும் இதற்குத் துணை செய்கின்றன. இவ்வளவு போதும்.

ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதனைக்கு வர வேண்டும்; நாற்பது வயதிலோ, அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது. சில குடும்பங்களில் ஒரு மரபணுக் கோளாறு தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட வீடுகளில் பெண்களுக்குக் கருப்பைப் புற்றும் வருவதுண்டு. அதையும் விசாரிக்க வேண்டும். சிகிச்சை முடிந்தவர் முதலிரண்டு மூன்று வருஷம் சில மாதங்களுக்கொருமுறை இரத்தப் பரிசோதனைக்கும், ஓர் ஆண்டு நிறைவில் மறுபடி குழாய்ச் சோதனைக்கும் வர வேண்டும். நான் சொன்ன நோட்டுப் புத்தகத்தில் இந்தத் தேதிகளுக்கும், அந்தப் பிள்ளைகளின் பெயர்களுக்கும் கடைசியில் இரண்டு கட்டங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளில் ஒருவர் வெளியூரில் இருப்பாரானால், அவருடைய எண்ணைத் தகப்பனாரின் கொலோனோஸ்கோப்பி நாளன்றே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அதற்குப்பின் அது கிடைப்பதில்லை.